சபர் பணம் நின்ற காலம்: தஞ்சை முஸ்லிம் இல்லங்களின் சிக்கன வரலாறு

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்

வீட்டுச் செலவைக் குறைக்க வேண்டும் என்று சொன்னால் நம் குடும்பங்களில் இரண்டு மறுமொழிகள் எழுகின்றன. "அல்லாஹ் கொடுத்திருக்கிறான், அனுபவிப்பதில் என்ன குற்றம்?" என்பது ஒன்று. "கஞ்சத்தனம் நம் பரம்பரையிலேயே இல்லை" என்பது மற்றொன்று. முதல் மறுமொழிக்கு மார்க்கத்தில் விடை இருக்கிறது. இரண்டாவதற்கு நம் சொந்த வரலாற்றிலேயே விடை இருக்கிறது. நம் பாட்டிமார்கள் வாழ்ந்த காலத்தைத் திரும்பிப் பார்த்தால், அவர்கள் கஞ்சர்களாகவும் இருக்கவில்லை, வீண் விரயம் செய்பவர்களாகவும் இருக்கவில்லை என்பது விளங்கும். அளந்து வாழ்ந்தார்கள். அந்த அளவுதான் ஒரு நெருக்கடியான பத்தாண்டில் இந்தக் காவிரிப் படுகையின் முஸ்லிம் இல்லங்களைத் தாங்கி நிறுத்தியது.

நெல் விளையும் நாட்டில் கடல் கடந்த வருமானம்

தஞ்சைத் தரணி தென்னாட்டின் நெற்களஞ்சியம். 1934இல் மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்ட பிறகு பாசனம் மேலும் உறுதிப்பட்டது. குறுவை, சம்பா, தாளடி என்று வயல்கள் பசுமை மாறாதிருந்த நாடு இது. ஆயினும் இங்குள்ள முஸ்லிம் ஊர்கள் பலவற்றின் அடுப்பை எரித்தது வயல் வருமானம் மட்டும் அன்று. கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை, இராஜகிரி, பண்டாரவாடை, நாகூர் முதலிய ஊர்களின் ஆண்கள் தலைமுறை தலைமுறையாகப் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் சைகோனுக்கும் வணிகத்திற்காகச் சென்றவர்கள்.

பயணத்தைக் குறிக்கும் 'ஸஃபர்' என்னும் அரபுச் சொல் நம் பேச்சில் 'சபர்' ஆயிற்று. கடல் கடந்து சென்றவர் 'சபராளி' ஆனார். நாகப்பட்டினம் துறைமுகத்தில் ஏறிப் பினாங்கிலோ சிங்கப்பூரிலோ இறங்கிய அவர்களின் சுவடு இன்றும் அவ்விரு நகரங்களிலும் இருக்கிறது. நாகூரில் அடங்கியிருக்கும் ஷாஹுல் ஹமீது ஆண்டகை அவர்களின் பெயரில் அங்கு எழுப்பப்பட்ட நினைவிடங்கள் அதற்குச் சான்று. சிங்கப்பூரில் உள்ளது 1828க்கும் 1830க்கும் இடையில் கட்டப்பட்டது.

சபராளி சில ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் ஊர் திரும்புவார். இடைப்பட்ட காலத்தில் கடிதமும் பணமும் வரும். அந்தப் பணத்தைப் பிரித்து, அரிசிக்கு இவ்வளவு, மளிகைக்கு இவ்வளவு, ஓதும் பிள்ளைக்கு இவ்வளவு, நோன்புக்கும் பெருநாளுக்கும் இவ்வளவு என்று வகுத்து வைத்தவர்கள் வீட்டுப் பெண்கள். ஆகவே நம் பகுதியின் சிக்கன வரலாறு என்பது பெரும்பாலும் நம் தாய்மார்களின் நிர்வாக வரலாறு. அவர்களில் பலருடைய பெயர் எந்த ஏட்டிலும் இல்லை.

1942: இரண்டு வாசல்களும் அடைபட்ட ஆண்டு

1941 டிசம்பரில் ஜப்பான் போரில் இறங்கியது. அந்த மாதமே பினாங்கு வீழ்ந்தது. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் சரணடைந்தது. மார்ச் 8 அன்று ஜப்பானியப் படை ரங்கூனுக்குள் நுழைந்தது. மூன்று மாதங்களுக்குள் நம் மக்கள் தொழில் செய்த நாடுகள் எதிரியின் ஆட்சிக்குள் போய்விட்டன. நாகப்பட்டினத்திற்கும் பினாங்குக்கும் இடையே ஓடிய கப்பல் நின்றது. பணம் நின்றது. கடிதமும் நின்றது. கணவர் உயிரோடு இருக்கிறாரா என்றே தெரியாத வீடுகள் எத்தனையோ. பர்மாவிலிருந்து லட்சக்கணக்கான இந்தியர் காட்டு வழியாகவும் மலை வழியாகவும் கால்நடையாகப் புறப்பட்டனர். வழியில் நோயாலும் பசியாலும் மடிந்தவர்கள் ஏராளம்.

இரண்டாவது அடி அரிசியில் விழுந்தது. போருக்கு முன்பு இந்தியா ஆண்டுதோறும் பத்து லட்சம் டன்னுக்கும் அதிகமான அரிசியைப் பர்மாவிலிருந்து பெற்றுவந்தது. அது ஒரே அடியில் நின்றுவிட்டது. விலை ஏறியது. 1943இல் வங்காளத்தில் ஏற்பட்ட பஞ்சத்தில் லட்சக்கணக்கான மக்கள் இறந்தனர். அந்த ஆண்டே சென்னை நகரில் உணவுப் பங்கீடு தொடங்கிற்று. பின்னர் அது படிப்படியாக மாகாணத்தின் மற்றப் பகுதிகளுக்கும் பரவியது. 'ரேஷன்' என்ற சொல் தமிழ் வீடுகளில் குடியேறிய காலம் அது.

அரசு அமைத்த உணவுத் தானியக் கொள்கைக் குழு 1943இல் பரிந்துரைத்த அளவு, வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம். அதாவது ஏறத்தாழ 450 கிராம். 1946இல் அது 12 அவுன்ஸாகக் குறைந்தது. ஏறத்தாழ 340 கிராம். நாடு விடுதலை பெற்ற பின்னும் நிலைமை சீரடையவில்லை. 1947 இறுதியில் தளர்த்தப்பட்ட கட்டுப்பாடு மறு ஆண்டே திரும்பி வந்தது. 1951 தொடக்கத்தில் பங்கீட்டு அளவு 9 அவுன்ஸ், அதாவது ஏறத்தாழ 255 கிராம் ஆயிற்று. மூன்று வேளையும் சோறு உண்டு பழகிய மக்களுக்கு இது எவ்வளவு குறைவு என்று விளக்க வேண்டியதில்லை. அந்த அளவிலும் ஒரு பகுதி கோதுமையாகவோ வேறு தானியமாகவோ வந்தது. ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது, 1952 ஜூனில்தான் சென்னை மாநிலத்தில் அரிசிக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது.

நெல் விளையும் தஞ்சைக்கு இதில் என்ன துன்பம் என்று கேட்கலாம். விளைச்சல் மிகுந்த மாவட்டம் என்பதாலேயே இங்கிருந்து நெல் கொள்முதல் செய்து பற்றாக்குறைப் பகுதிகளுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. பயிரிட்டவர் வீட்டு உணவுக்கும் விதைக்கும் வேண்டியதை வைத்துக்கொண்டு எஞ்சியதைக் கொடுக்க வேண்டும். வயல் இல்லாமல் வெளிநாட்டுப் பணத்தில் அரிசி வாங்கி உண்டவர்களின் நிலையோ இன்னும் கடினம். களத்து மேட்டில் நெல் குவிந்திருக்கும். அதை வாங்கக் கையில் காசு இருக்காது.

அரிசியோடு இத்துன்பம் முடியவில்லை. மண்ணெண்ணெய்க்கும் சர்க்கரைக்கும் தட்டுப்பாடு. துணிக்கும் 1943 முதல் கட்டுப்பாடு வந்தது. பெருநாளைக்குப் புத்தாடை என்பது பல வீடுகளில் பழைய ஆடையைத் துவைத்து உடுத்துவதாக மாறிய ஆண்டுகள் அவை.

அளவையே முதல் சிக்கனம்

அக்காலத்து வீட்டில் அரிசி கைக்கு வந்தபடி உலையில் விழுவதில்லை. படி, உழக்கு, ஆழாக்கு என்று அளந்துதான் விழும். எத்தனை பேர் உண்பார்கள் என்பது காலையிலேயே கணக்காகிவிடும். இரவில் மிஞ்சிய சோற்றில் நீர் ஊற்றி வைத்தால் மறுநாள் காலை அது பழைய சோறும் நீராகாரமும் ஆகும். வடித்த கஞ்சி குடிக்கவும் ஆகும், துணிக்குப் போடவும் ஆகும். அரிசி களைந்த கழுநீர் மாட்டுக்குப் போகும். நெல்லை உரலில் குத்தினால் அரிசி ஒரு பக்கம், நொய் ஒரு பக்கம், தவிடு ஒரு பக்கம், உமி ஒரு பக்கம் என்று பிரியும். நொய் கஞ்சிக்கு, தவிடு மாட்டுக்கு, உமி அடுப்புக்கு. எறிவதற்கு ஒன்றும் இல்லை.

இதை வறுமையின் அடையாளமாக மட்டும் காண்பது தவறு. உணவுப் பொருளை அளந்துகொள்ளுங்கள், அதில் உங்களுக்குப் பரக்கத் செய்யப்படும் என்ற கருத்தில் அமைந்த நபிமொழி புகாரியில் பதிவாகியுள்ளது. நபி (ஸல்) அவர்கள் ஒரு 'முத்' அளவு நீரில் உளூச் செய்தார்கள், ஒரு 'ஸாஉ' முதல் ஐந்து முத் வரையிலான நீரில் குளித்தார்கள் என்று அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். நான்கு முத் சேர்ந்தது ஒரு ஸாஉ. இவை இரண்டும் தானியம் அளக்கும் அளவைகள் என்பதை நாம் கவனிக்க வேண்டும். மதீனத்து வீடுகளில் கோதுமையும் பேரீச்சம்பழமும் அளந்த அதே பாத்திரத்தின் கணக்கில் வணக்கத்திற்கான நீரும் அளக்கப்பட்டது. ஃபித்ரா தர்மமும் ஸாஉ என்னும் அளவில்தான் சொல்லப்பட்டுள்ளது. சமையலறையின் படிக்கும் மார்க்கத்திற்கும் தொடர்பில்லை என்று நினைப்பவர்கள் இதைச் சிந்திக்கட்டும்.

குதிரும் யூசுஃப் (அலை) அவர்களின் திட்டமும்

அந்தப் பத்தாண்டை ஓரளவு தாக்குப்பிடித்த வீடுகள் எவை? வெளிநாட்டுப் பணம் தாராளமாக வந்த நாளிலேயே ஒரு பகுதியை நிலமாகவும் நெல்லாகவும் மாற்றி வைத்த வீடுகள். குதிரிலும் பத்தாயத்திலும் நெல் இருந்த வீட்டில், பணம் நின்ற மாதமே அடுப்பு நிற்கவில்லை. வந்ததை வந்த வேகத்தில் செலவழித்த வீடுகளில் முதலில் நகை போயிற்று, பிறகு பாத்திரம் போயிற்று, அதற்குப் பிறகு வட்டிக் கடன் வாசலில் வந்து நின்றது.

திருக்குர்ஆனின் 12ஆம் அத்தியாயம் 47 முதல் 49 வரையிலான வசனங்களில் யூசுஃப் (அலை) அவர்கள் எகிப்துக்குச் சொன்ன திட்டம் இடம்பெறுகிறது. செழிப்பான ஏழு ஆண்டுகளில் விளைந்ததில் உண்பதற்கு வேண்டிய சிறிதளவைத் தவிர மற்றதைக் கதிரோடு விட்டுவைக்குமாறு சொன்னார்கள். நெல் நாட்டினரான நமக்கு இதன் நுட்பம் உடனே புரியும். அரிசியாக வைத்தால் விரைவில் வண்டு வரும். நெல்லாக வைத்தால் உமி அதைக் காக்கும். அடுத்து வரும் பஞ்ச ஆண்டுகளிலும் சேமித்ததை முழுவதும் உண்டுவிடாமல் சிறிது மீத்து வைக்கும் நிலையே அவ்வசனத்தில் சொல்லப்படுகிறது. நம் விவசாயி எவ்வளவு பசியிலும் விதைநெல்லில் கை வைக்க மாட்டார். செழிப்பில் சேமிப்பு, நெருக்கடியிலும் விதை மீதம் என்ற இந்த இரண்டும் ஒரே பாடத்தின் இரு பாதிகள்.

சேமித்து வைப்பது தவக்குலுக்கு, அதாவது அல்லாஹ்வின் மீது வைக்கும் நம்பிக்கைக்கு, மாறானது என்று சிலர் கருதுகின்றனர். அவ்வாறில்லை. நபி (ஸல்) அவர்கள் தம் குடும்பத்தாருக்கு ஓராண்டுக்கான உணவை ஒதுக்கி வைத்தார்கள் என்பதை உமர் (ரலி) அவர்கள் வாயிலாகப் புகாரி பதிவு செய்கிறது.

குறைப்பது யாருடைய தட்டில்?

இங்கே ஒரு கசப்பான உண்மையையும் பேச வேண்டும். தட்டுப்பாடு வந்தால் வீட்டில் யார் முதலில் குறைத்துக்கொள்கிறார்? பெரும்பாலும் சமைத்தவர். ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும் பரிமாறிவிட்டு, அடிச்சட்டியில் இருந்ததை வழித்து உண்டு, அதையும் சொல்லாமல் இருந்தவர்கள் நம் தாய்மார்கள். இதைச் சிக்கனம் என்று புகழ்ந்துவிட்டுப் போவது நியாயமன்று. ஒருவர் வயிற்றில் மட்டும் விழும் சிக்கனம், சிக்கனமே அன்று.

மார்க்கம் காட்டும் வழி வேறு. ஹிஜ்ரி 18ஆம் ஆண்டு மதீனாவைச் சுற்றிலும் மழை பொய்த்துக் கடும் பஞ்சம் வந்தது. நிலம் சாம்பலைப் போல ஆனதால் அதற்குச் 'சாம்பல் ஆண்டு' என்னும் பொருளில் 'ஆமுர் ரமாதா' என்று பெயர் வந்தது. அப்போது கலீஃபாவாக இருந்த உமர் (ரலி) அவர்கள், மக்களுக்கு நெய்யும் இறைச்சியும் கிடைக்கும்வரை தாமும் அவற்றை உண்பதில்லை என்று விலக்கிக்கொண்டார்கள். எண்ணெயை உண்டே காலம் கழித்ததில் அவர்களின் மேனியின் நிறமே மாறியது என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். அதே வேளையில் ஷாம் முதலிய பகுதிகளிலிருந்து உணவை வரவழைத்து மக்களுக்குப் பங்கிட்டார்கள். அதிகாரம் உள்ளவர் தம் தட்டிலிருந்து குறைக்கத் தொடங்கினார். எளியவருக்குச் சேர வேண்டியது குறையாமல் பார்த்துக்கொண்டார். வீட்டின் தலைவருக்கும் இதுவே முறை.

அண்டை வீட்டாரின் பங்கு

செலவைக் குறைக்கும்போது நம்மில் பலர் முதலில் வெட்டுவது தர்மத்தை. குழம்பு வைத்தால் நீரைச் சற்று அதிகமாக ஊற்றி அண்டை வீட்டாரையும் கவனிக்கச் சொல்லும் நபிமொழியை அபூதர் (ரலி) அவர்கள் அறிவிக்க, முஸ்லிமில் காண்கிறோம். எவ்வளவு எளிய வழி! இறைச்சியை அதிகம் வாங்கச் சொல்லவில்லை. நீரை அதிகமாக்கச் சொல்கிறது. சிக்கனமும் ஈகையும் ஒரே சட்டியில் வேகின்றன.

நம் பள்ளிவாசல்களில் நோன்புக் காலத்தில் காய்ச்சும் கஞ்சியின் பொருளாதாரமும் இதுவே. கொஞ்சம் நொய்யரிசி, பருப்பு, வெந்தயம், வாய்த்தால் சிறிது இறைச்சி. சோறாக வடித்தால் சிலருக்கு மட்டுமே போதும் அரிசி, கஞ்சியாகக் காய்ச்சினால் தெரு முழுவதற்கும் போதுமானதாகிறது. செல்வர் வீட்டுத் தூக்குவாளியும் ஏழை வீட்டுத் தூக்குவாளியும் ஒரே வரிசையில் நிற்கின்றன. உலையில் போடுவதற்குமுன் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து நற்காரியத்திற்குச் சேர்க்கும் வழக்கமும் தென்னாட்டில் உண்டு. மலபார் முஸ்லிம்கள் அதனைப் 'பிடியரி' என்பார்கள். ஒரு பிடி குறைந்ததால் எந்த வீடும் பட்டினி கிடந்ததில்லை. பல பிடிகள் சேர்ந்து ஓதும் பிள்ளைகளின் வயிறு நிறைந்தது.

மீண்டும் மீண்டும் அதே பாடம்

போர் 1945இல் முடிந்தது. கடிதங்கள் வந்தன, பலருக்கு இழப்புச் செய்தியும் உடன் வந்தது. ஜப்பானிய ஆட்சியில் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் புழங்கிய, வாழைமரப் படம் அச்சிட்ட நோட்டுகள் பிரிட்டிஷார் திரும்பியதும் வெற்றுக் காகிதமாயின. மூன்றரை ஆண்டு உழைப்பைப் பெட்டியில் நோட்டாக வைத்திருந்தவர்கள் வெறுங்கையராயினர்.

பர்மாவில் 1964இல் நே வின் அரசு கடைகளை நாட்டுடைமையாக்கியது. அவ்வாண்டு மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாதவை என அறிவித்தது. லட்சக்கணக்கான இந்தியர் ஏறத்தாழ வெறுங்கையோடு கப்பலேறினர். 1990 ஆகஸ்ட் 2 அன்று ஈராக் குவைத்தைப் பிடித்தது. ஏறத்தாழ 1,70,000 இந்தியர் விமானங்களில் நாடு திரும்பினர். 2020இல் கொரோனா வந்தபோது வளைகுடாவில் வேலை இழந்தவர்கள் சிறப்பு விமானங்களில் ஊர் வந்து சேர்ந்ததை நாமே கண்டோம்.

1942, 1964, 1990, 2020. எண்பது ஆண்டுகளுக்குள் நான்கு முறை. காரணம் ஒவ்வொரு முறையும் வேறு, விளைவு ஒன்றே. சபர் பணம் ஒருநாள் முன்னறிவிப்பின்றி நிற்கும் என்பது இனி அச்சமூட்டும் கற்பனை அன்று; நம் ஊர்களின் அனுபவம்.

இன்று நம் இல்லங்களில்

வளைகுடாவில் ஓர் அறையில் பலரோடு பங்கிட்டு வாழ்ந்து, குபூஸும் பருப்பும் உண்டு மிச்சம் பிடித்து அனுப்புகிறார் இன்றைய சபராளி. தம் தட்டில் குறைத்ததை அவர் ஊருக்குச் சொல்வதில்லை. ஊரில் இருப்பவர்களும் செலவுக் கணக்கை அவருக்குச் சொல்வதில்லை. இந்த இரு மௌனங்களுக்கும் இடையில்தான் பணம் கரைகிறது. ஆகவே மாதம் ஒருமுறை இரு பக்கமும் கணக்கை வெளிப்படையாகப் பேசுவது முதல் கடமை. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொல்லும் 2:282ஆம் வசனமே குர்ஆனின் மிக நீண்ட வசனம் என்பதை நினைவில் கொள்வோம். எழுதுவது நம் மார்க்கத்தின் பண்பு.

இரண்டாவது, அளவைத் திரும்பக் கொண்டுவருவோம். அரிசியையும் எண்ணெயையும் அளந்து சமைப்போம். மிஞ்சியதை மறுநாளைக்கு ஆக்குவோம். சமைத்த உணவு வீட்டில் இருக்கும்போது கைப்பேசியில் வேறு உணவை வரவழைக்கும் பழக்கத்தைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்காதிருப்போம். ஒருவர் உணவு இருவருக்குப் போதுமாகும் என்ற நபிமொழிக் கருத்தை நாம் சஹனைச் சுற்றி அமரும்போது நினைவுகூர்கிறோம். ஆனால் அதே சஹனில் பாதியை மிச்சம் வைத்து எழுகிறோம். வலீமாவின் சிறப்பு குப்பைத் தொட்டியின் கனத்தில் இல்லை.

மூன்றாவது, பணம் வந்த அன்றே ஒரு பகுதியைப் பிரித்து வைப்போம். செலவு போக மிஞ்சினால் சேமிப்போம் என்றால் மிஞ்சாது. சில மாத வீட்டுச் செலவுக்குப் போதுமான தொகை கையில் சேரும்வரை புதிய வாகனத்தையும் வீட்டு அலங்காரத்தையும் தள்ளிப்போடுவதில் இழிவு ஒன்றும் இல்லை. அவ்வாறு செய்யாத வீட்டிற்கு நெருக்கடியில் மிஞ்சும் வழி நகை அடகும் தவணைக் கடனும்தான். வட்டியை அல்லாஹ் எவ்வளவு கடுமையாகத் தடுத்திருக்கிறான் என்பதை நாம் அறிவோம். வட்டி கூடாது என்று சொற்பொழிவு கேட்டுவிட்டு, வட்டிக்குப் போகாமல் இருக்கத் தேவையான சேமிப்பைச் செய்யாதிருப்பது பொருத்தமற்றது.

நான்காவது, வெட்டக் கூடாத செலவுகளை முதலிலேயே குறித்துக்கொள்வோம். ஜகாத், வீட்டில் வேலை செய்பவரின் கூலி, முதியோரின் மருந்து, பிள்ளைகளின் கல்வி, அண்டை வீட்டாருக்குரிய ஒரு கிண்ணம் குழம்பு. இவற்றில் கை வைத்துச் சேர்க்கும் பணத்தில் பரக்கத் இராது.

வாரிசுகளைப் பிறரிடம் கையேந்தும் ஏழைகளாக விட்டுச் செல்வதைவிடத் தன்னிறைவு உள்ளவர்களாக விட்டுச் செல்வது மேல் என்ற கருத்தை நபி (ஸல்) அவர்கள் சஅத் பின் அபீ வக்காஸ் (ரலி) அவர்களிடம் கூறினார்கள். செலவு செய்யும்போது வரம்பு மீறாமலும் சுருக்கிப் பிடிக்காமலும் இவ்விரண்டுக்கும் நடுவே நிற்பதை, அர்ரஹ்மானின் அடியார்களுடைய பண்பாக 25ஆம் அத்தியாயத்தின் 67ஆம் வசனம் எடுத்துரைக்கிறது. அந்த நடுநிலையை 1942இல் நம் பாட்டிமார்கள் ஓர் ஆழாக்கைக் கையில் வைத்துக்கொண்டு கடைப்பிடித்தார்கள். கப்பல் வராத ஆண்டுகளிலும் அவர்கள் பிள்ளைகளை வளர்த்தார்கள், ஓதவைத்தார்கள், நோன்பு திறக்க வந்தவருக்குக் கஞ்சி கொடுத்தார்கள்.

யா அல்லாஹ்! அவர்களுடைய கப்ருகளை ஒளிமயமாக்குவாயாக. எங்கள் வருமானத்தை ஹலாலானதாகவும், எங்கள் செலவை அளவுள்ளதாகவும், எங்கள் இல்லங்களை வட்டியின் நிழல் படாதவையாகவும் ஆக்கி அருள்வாயாக. ஆமீன்.